டி டிரைவ் காலியா தெரிஞ்சா, முதல்ல மவுஸ்ல இருந்து கையை எடுங்க

1/ இன்னைக்கு மருந்து மாத்திரை பத்தி இல்லை, ஹார்ட் டிஸ்க் பத்தி. "டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை"ன்னு கேக்காதீங்க. கிளினிக், மெடிக்கல் ஷாப், இ-சேவை மையம், போட்டோ ஸ்டுடியோ என்று கம்ப்யூட்டரை நம்பிப் பிழைக்கும் எல்லோருக்கும் இது ஒருநாள் நடக்கலாம்.

2/ அனுமந்தையில் ஈசிஆர் ஓரம் என் கிளினிக். மரக்காணம் உப்பளங்களில் வேலை செய்பவர்கள் நிறைய பேர் வருவார்கள். கம்ப்யூட்டரில் இடம் பத்தவில்லை. அதனால் புது எஸ்எஸ்டி வாங்கி அதில் விண்டோஸை ஏற்றி, பழைய ஹார்ட் டிஸ்க்கை இரண்டாவது டிஸ்க்காக மாட்டிக் கொடுத்தார்கள்.

3/ மறுநாள் காலை ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணு ஓடி வந்தது. "டாக்டர், லிஸ்ட்ல ஒரு பேஷண்ட் கூட இல்ல!" ஆறு வருஷப் பதிவு. திரையில் பூஜ்யம்.

4/ எதிரே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். வயது 55, பாத்தியில் உப்பு வாருகிறவர். கையில் இருந்த ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.3. அதை மட்டும் பார்த்தால் "கொஞ்சம் கூட"ன்னு சொல்லி அனுப்பிடலாம். ஆனால் மூணு வருஷம் முன்னாடி 0.8 இருந்திருந்தால்? கிட்னி வடிகட்டும் திறன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

5/ வெயிலில் நாள் முழுக்க நின்று, தண்ணீர் குறைவாகக் குடித்து, இடுப்பு வலிக்கு டைக்ளோபினாக் வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஊர் இது. இங்கே இன்றைய எண்ணை விடப் பழைய எண்தான் எனக்கு முக்கியம். "போன தடவ எழுதினத பாருங்க டாக்டரு" என்கிறார் அந்த அம்மா. பார்க்க ஒன்றும் இல்லை.

6/ தெரிந்த ஒருவருக்கு போன் போட்டேன். "டிஸ்க் கரப்ட் ஆயிருக்கும். ஃபார்மேட் பண்ணிட்டு ரெகவரி சாப்ட்வேர் ஓட்டுங்க" என்றார். நல்லவேளை, செய்யவில்லை. என் கருத்து இதுதான்: இந்தப் பிரச்சினையில் டேட்டா பெரும்பாலும் தானாகப் போவதில்லை. பதற்றத்தில் நாம்தான் அழிக்கிறோம்.

7/ என்ன நடந்தது? புது எஸ்எஸ்டியை இரண்டாகப் பிரித்ததில் சி, டி என்ற எழுத்துகளை அது எடுத்துக்கொண்டது. பழைய டிஸ்க்கின் இரண்டு பகுதிகளுக்கு இ, எஃப் கிடைத்தது. நேற்று வரை டி டிரைவாக இருந்தது இன்று எஃப். கிளினிக் சாப்ட்வேருக்கோ "டி-யில் தேடு" என்று மட்டும்தான் தெரியும். தேடியது, கிடைக்கவில்லை, தானே ஒரு காலி ஃபைலை உருவாக்கிக்கொண்டது.

8/ இது பழைய வியாதி. 1970களின் சிபி/எம் காலத்து எழுத்து முறை டாஸ் வழியாக விண்டோஸுக்கு வந்தது. ஏ, பி ஃப்ளாப்பிக்குப் போனதால் ஹார்ட் டிஸ்க் சி ஆனது. விண்டோஸ் 98 காலத்தில், முதல் டிஸ்க்கில் சி, டி இருக்க, பிரைமரி பார்ட்டிஷன் உள்ள இன்னொரு டிஸ்க்கை மாட்டினால், புதுசுதான் டி. பழைய டி, இ-க்குத் தள்ளப்படும்.

9/ இப்போதைய விண்டோஸ் எந்தப் பகுதிக்கு எந்த எழுத்து என்று ரெஜிஸ்ட்ரியில் குறித்து வைத்துக்கொள்ளும். அதனால் வெறுமனே டிஸ்க் மாட்டினால் பொதுவாக எழுத்து மாறாது. விண்டோஸையே புதிதாக ஏற்றினால் அந்தக் குறிப்பும் புதுசாகத்தான் தொடங்கும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

10/ ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பெட் நம்பரை வைத்து அடையாளம் காணக் கூடாது. பெயர், பிறந்த தேதி மாதிரி குறைந்தது இரண்டு அடையாளம் பார்க்க வேண்டும். அறை எண் அதில் சேராது. உலக சுகாதார நிறுவனமே சொல்வது இது. டிரைவ் எழுத்தும் பெட் நம்பர்தான். அந்த பெட்டில் இன்று வேறு ஆள் படுத்திருக்கலாம்.

11/ சரி, என்ன செய்வது?
முதலில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். காலியாகத் தெரியும் சாப்ட்வேரில் புதுப் பதிவு போடாதீர்கள். எங்களுக்கு அதற்குள் நாலு பேரைப் பதிந்துவிட்டார்கள். பிறகு அதைத் தனியாக எடுத்து மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது.

12/ ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். எழுத்தைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு பகுதியின் அளவையும் பெயரையும் பாருங்கள். பிறகு எக்ஸ்ப்ளோரரில் போய் உள்ளே என்ன ஃபோல்டர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் டேட்டா வேறு எழுத்தில் சௌக்கியமாக இருப்பது தெரியும்.

13/ சாப்ட்வேரை மூடுங்கள். இரண்டு பகுதிக்கு ஒரே எழுத்து இருக்க முடியாது. அதனால் முதலில் புது டி-யில் ரைட் கிளிக், "சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்", காலியாக உள்ள வேறு எழுத்து (நான் என் கொடுத்தேன்). அடுத்து, பழைய டேட்டா இருக்கும் எஃப்-க்கு டி. சில புரோகிராம் வேலை செய்யாமல் போகலாம் என்று எச்சரிக்கும். அந்தச் சிக்கலைச் சரிசெய்யத்தானே வந்திருக்கிறோம், யெஸ் கொடுங்கள். பிறகு ரீஸ்டார்ட்.

14/ பட்டியல் திரும்பி வந்தது. அந்த அம்மாவின் பழைய கிரியாட்டினின் 0.8. வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லி, யூரின் டெஸ்ட் எழுதி, கிட்னி டாக்டரிடம் அனுப்பினேன்.

15/ செய்யவே கூடாதவை:
- சி டிரைவின் எழுத்தில் கை வைக்காதீர்கள். எழுத்தே இல்லாத சின்னச் சின்னப் பகுதிகளையும் விட்டுவிடுங்கள். அவை விண்டோஸ் கிளம்பத் தேவை.
- பழைய டிஸ்க்குக்கு "இனிஷியலைஸ்" கேட்டால் கேன்சல். அது புத்தம்புது டிஸ்க்குக்கு மட்டும்.
- "ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று வந்தாலும் கேன்சல். எஸ்எஸ்டி என்றால் ஃபார்மேட் செய்த பிறகு மீட்பது பெரும்பாலும் நடக்காது.
- டிஸ்க்கில் டக் டக் சத்தம் வந்தால் பவரை நிறுத்திவிட்டு விஷயம் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

16/ சாப்ட்வேர் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டேட்டா கிடைக்கவில்லை என்றால் "எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். சத்தமில்லாமல் காலி ஃபைல் உருவாக்குவது, கேஸ் ஷீட் தொலைந்தால் புது ஷீட் போட்டு "பழைய நோய் எதுவும் இல்லை" என்று எழுதுவது மாதிரி. லினக்ஸில் டிஸ்க்கை அதன் சொந்த அடையாள எண்ணை வைத்தே தேடச் சொல்ல முடியும். வழி இல்லாமல் இல்லை.

17/ என் தப்பும் இருக்கிறது. ஆறு வருஷமாக டேட்டா எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. கடைசி பேக்கப் எட்டு மாதம் முன்னாடி. இரண்டாவது டிஸ்க் இருப்பதே பேக்கப் என்று நினைத்திருந்தேன். ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் ஒரே இடிக்கு, ஒரே வெள்ளத்துக்குப் போகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததைப் பார்த்த நமக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. உப்புக் காத்து வேறு.

18/ இன்றைக்கே மூன்று வேலை. ஒன்று, உங்கள் டேட்டா எந்த டிஸ்க்கில், எந்த ஃபோல்டரில் என்று ஒரு சீட்டில் எழுதி சிபியு மேல் ஒட்டுங்கள். இரண்டு, அந்தப் பகுதிக்குப் புரியும்படி ஒரு பெயர் வையுங்கள். மூன்று, தனி டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து வேறு கட்டிடத்தில் வையுங்கள். டிஸ்க் மாற்ற ஆள் வரும்போது முதல் கேள்வி, "பேக்கப் எடுத்தாச்சா?"

தெரிந்த கிளினிக்காரர், கடைக்காரர் யாராவது இருந்தால் அனுப்பி வையுங்கள்.