"கேஸ் தீர்ந்துவிட்டது" என்று சொன்னால்...



மும்பையில் ஒரே அறை கொண்ட வீட்டில் குடியிருக்கும் நம் வாசகி ஒருவரின் ஃபிரிட்ஜ், சென்ற கோடையில் திடீரெனக் குளிர் குறைந்துபோயிற்று. பால் திரிந்தது, இரவில் வைத்த இட்லி மாவு காலைக்குள் புளித்துப் பொங்கியது. இவற்றைவிடப் பெரிய கவலை, மாமியாரின் இன்சுலின் மருந்தும் அதற்குள்தான் இருந்தது. வந்த மெக்கானிக் பின்பக்கத்தைத் திருப்பியும் பாராமல், "கேஸ் தீர்ந்துவிட்டது, 3,500 ரூபாய் ஆகும்" என்றார். வாடகைக்கென்று வைத்திருந்த பணத்தை எடுப்பதற்கு முன்பு அச்சகோதரி நம்மிடம் ஆலோசனை கேட்டார்.

முதலில் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். அடுப்பு கேஸ் எரிந்து தீர்வது. ஃபிரிட்ஜில் உள்ள கேஸோ, மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது, அது செலவாவதில்லை. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு உண்டு என்பதே பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால், சில நாட்களில் கேஸும் போகும், பணமும் போகும். ஆகவே, மெக்கானிக்கை அழைக்குமுன் நீங்களே பார்க்கவேண்டியவை இவை:

1. உள்விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால், அதே பிளக்கில் வேறொரு சாதனத்தைச் செருகிப் பாருங்கள். மின்சாரம் போய் வந்தால் ஐந்து நிமிடம் கழித்தே ஃபிரிட்ஜை இயக்குங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதிகளில் ஸ்டெபிலைசர் அவசியம்.

2. குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இடம் மாறியுள்ளதா? பெரும்பாலான மாடல்களில் எண் கூடினால் குளிரும் கூடும். உள்ளே 4 டிகிரி செல்சியஸுக்கு மிகாமல் இருப்பது நலம்.

3. சுவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடையே அரை அடியாவது இடைவெளி உண்டா? பின்புறக் கருங்கம்பிகள் வழியாகவே உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறுகிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு, அங்குள்ள தூசியை மென்மையான தூரிகையால் அகற்றுங்கள். கம்பிகள் வெளியே தெரியாத மாடல்களில் பக்கச் சுவர்கள் சூடாவது பழுதன்று.

4. கதவின் ரப்பர் இறுக்கமாக உள்ளதா? பத்து ரூபாய் நோட்டு ஒன்றை இடையில் வைத்துக் கதவை மூடி, இழுத்துப் பாருங்கள். எளிதாக வந்துவிட்டால் அவ்வழியே குளிரும் வெளியேறுகிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் ரப்பரைத் துடைத்துப் பாருங்கள். அப்போதும் இறுகாவிட்டால் ரப்பரை மாற்றினால் போதும்.

5. பொருட்களை நெருக்கி அடுக்கியுள்ளீர்களா? காற்று சுழன்றால்தான் குளிர் பரவும். சுடச்சுடக் குழம்பை உள்ளே வைக்கவேண்டாம்.

தானாகப் பனி உருகாத மாடல்களில், அரை சென்டிமீட்டர் அளவுக்குப் பனி படிந்தவுடன் ஃபிரிட்ஜை நிறுத்தி உருகவிடுங்கள். கத்தியால் குத்திப் பெயர்ப்பவர்கள் உள்ளிருக்கும் குழாயைத் துளைத்துவிடுகிறார்கள். உண்மையான கேஸ் கசிவு அப்படியும் உண்டாகிறது. காய்கறித் தட்டின் அடியில் தண்ணீர் தேங்கினால், உட்புறப் பின்சுவரின் அடியிலுள்ள சிறு துவாரத்தின் அடைப்பை நீக்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் குளிராவிட்டால், அல்லது கம்ப்ரசர் 'டக் டக்' என்று ஓடி ஓடி நின்றால், தயங்காமல் மெக்கானிக்கை அழையுங்கள். தொட்டால் மின்சாரம் தாக்கினாலோ, கருகிய வாடை வந்தாலோ மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு உடனே அழைக்கவேண்டும். இன்றைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் ஆர்600ஏ என்னும் எளிதில் தீப்பற்றும் வாயு உள்ளது. எந்த வாயு என்பது கம்ப்ரசரின்மேலோ பின்புறச் சீட்டிலோ எழுதப்பட்டிருக்கும். ஆதலால் குழாயைப் பற்றவைக்கும் வேலையை அதற்கான பயிற்சி பெற்றவரிடமே ஒப்படையுங்கள். "கேஸ் எங்கே கசிந்தது? காட்டுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள். நேர்மையான தொழிலாளி அக்கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும். ஃபிரிட்ஜ் பழுதானால் அண்டை வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள். ஆனால் ஃபிரீசரில் வேண்டாம். உறைந்த இன்சுலின் பயன்படாது. வெப்பத்தில் இருந்த மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்காமல் போடவேண்டாம்.

அச்சகோதரியின் வீட்டில் நடந்தது என்ன? ஊரிலிருந்து விருந்தினர் வந்தபோது கட்டில் போடுவதற்காக ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருந்தார்கள். பின்கம்பிகளில் விரற்கடை அளவுக்குத் தூசி. அதை முன்னே இழுத்துத் துடைத்த மறுநாள் காலையில் ஐஸ் உறைந்திருந்தது. வாடகைப் பணமும் வீட்டுக்காரரிடம் குறித்த நாளில் சேர்ந்தது.