முதலில் நீ செலவு செய், பிறகு நாங்கள் தருகிறோம்: ஏழை மாணவனுக்கு இது உதவியா?

ஒரு தாயும் மகனும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். தாய் தொழிற்சாலையில் துப்புரவு வேலை. மகன் ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு பொறியியல் மாணவன். "சார், ஆலோங் வீட்டுக்கு வந்து மிரட்டுறான். போலீஸ்ல புகார் கொடுக்கலாமா?" என்றுதான் அந்த அக்கா கேட்டார். கொடுக்கலாம். உரிமம் இல்லாமல் வட்டிக்குக் கடன் கொடுப்பது 1951ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டப்படி குற்றம். ஆனால் கடன் எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டபோதுதான் கதை வெளியே வந்தது.

தம்பி விடுதி அறையில் மடிக்கணினி பழுது பார்க்கிறவன். பல்கலைக்கழகத்தின் தொழில்முனைவர் மையம் மாணவர் வணிகத்துக்குத் தொடக்க நிதி தருவதாக அறிவித்தது. விண்ணப்பித்தான், நேர்காணலில் தேறினான். ரிம5,000 என்று எழுதிய பெரிய மாதிரிக் காசோலையைப் பிடித்துக்கொண்டு படமும் எடுத்தார்கள். பணம் மட்டும் வரவில்லை. விதிமுறை என்னவென்றால், முதலில் மாணவன் சொந்தப் பணத்தில் பொருள் வாங்க வேண்டும், மூன்று கடைகளின் விலைப்பட்டியலும் ரசீதும் காட்ட வேண்டும், அதன் பிறகே 'கிளேம்' செய்ய முடியும்.

பழைய திரைகளையும் உதிரிப் பாகங்களையும் பழைய பொருள் கடையில் வாங்கினால்தான் அவனுக்குக் கட்டுப்படியாகும். அந்தக் கடைக்காரர் கொடுத்ததோ கிழித்த தாளில் பேனாவால் எழுதிய கணக்கு. அது செல்லாது என்று மையம் திருப்பி அனுப்பிவிட்டது. பொருள் வாங்கிய பணத்தில் ரிம2,000 அம்மா எடுத்த கூட்டுப் பணம். இன்னொரு ரிம2,000 ஆலோங்கிடம் வாங்கியது.

கையில் ரிம4,000 வைத்திருக்கும் மாணவனுக்கு அந்த ரிம5,000 எதற்கு? பணம் இல்லாதவனுக்காக ஏற்படுத்திய நிதியை, பணம் உள்ளவன் மட்டுமே எடுக்கும்படி விதி எழுதியிருக்கிறார்கள். யாரோ திட்டமிட்டுச் செய்த சதி என்று நான் சொல்லவில்லை. தணிக்கைக்குப் பயந்த அதிகாரி, அரசாங்கக் கொள்முதல் விதியை அப்படியே மாணவன் தலையில் கட்டிவிட்டார். அடிபடுவது யார் பிள்ளை என்பதுதான் நம் கேள்வி.

உயர்கல்விக் கூடங்களுக்கான தொழில்முனைவர் மேம்பாட்டுக் கொள்கையை அரசாங்கம் 2010இல் வெளியிட்டது. கிளந்தானில் தொழில்முனைவையே அடையாளமாகக் கொண்ட ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிறது. பாடத்துக்குப் பஞ்சமில்லை, முதலுக்குத்தான் பஞ்சம்.

நம் இளைஞர்கள் எத்தனையோ பேர் கிரேப் ஓட்டுகிறார்கள். அந்த நிறுவனம் ஒரு மாணவர் போட்டியிலிருந்து பிறந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2011இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளி நடத்திய போட்டியில் அந்தோணி டான், டான் ஹூய் லிங் என்ற இரண்டு மலேசிய மாணவர்கள் இரண்டாம் இடம் பெற்று 25,000 அமெரிக்க டாலர் வென்றார்கள். 2012இல் மைடெக்சி ஓடத் தொடங்கியது. அந்தோணி டான் கார் விற்பனையில் பெயர்போன டான் சோங் குடும்பத்துப் பிள்ளை. தாயாரும் முதல் போட்டார். அவர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பரிசுப் பணம் தாமதமாக வந்திருந்தாலும் அவர் ஆலோங்கைத் தேடிப் போயிருக்க மாட்டார்.

நமக்கு முதல் போடும் வங்கி நம் அம்மாக்களின் கூட்டுதான். அதைத் தொழிலாக நடத்துவதைத் தடுக்கும் சட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ்ச் சொல் இருக்கிறது: 1971ஆம் ஆண்டு கூட்டு நிதி தடைச் சட்டம், சட்ட எண் 28. அதே ஆண்டின் சட்ட எண் 30 பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம். 1975இல் அதைத் திருத்தியபோது மாணவர்கள் பணம் திரட்டுவதற்கே தடை போட்டார்கள். பிற்காலத் திருத்தங்கள்தான் அந்தப் பிடியைத் தளர்த்தின.

இனி எல்லோரும் பேசத் தயங்கும் விஷயம். பூமிபுத்ரா இளைஞர்களுக்கென 2014இல் தொடங்கிய சூப்பர்ப் திட்டம் ரிம500,000 மானியம் கொடுத்தது. நம்மவர்களுக்கு தெக்குன் வழியாக ஸ்பூமி இருக்கிறது. 2024இல் அதற்கு ரிம30 மில்லியன் ஒதுக்கினார்கள். ஆனால் அது கடன், மானியமல்ல. கிரேடல் நிதிக்கு இன நிபந்தனை கிடையாது, ஆனால் அது தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு. மடிக்கணினி பழுது பார்ப்பவனும் இடியாப்ப மாவு விற்பவளும் அங்கே போய் நிற்க முடியாது.

153ஆவது பிரிவு என்றவுடன் நம்மில் பலர் வாயை மூடிக்கொள்கிறோம். அந்தப் பிரிவை முழுமையாகப் படியுங்கள். 'நியாயமான விகிதம்' ஒதுக்கலாம் என்றுதான் அது சொல்கிறது. விகிதம் என்றால் ஒரு பங்கு, முழுவதும் அல்ல. மற்ற சமூகங்களின் நியாயமான நலன்களைக் காப்பதும் அதே பிரிவில் எழுதியிருக்கிறது. பொது நிறுவனப் பணத்திலிருந்து மாணவர்களுக்குக் கல்விக்கான நிதியுதவி வழங்குவதில் இன, சமய பாகுபாடு கூடாது என்பது 12ஆவது பிரிவு. ஆகவே எந்தப் பல்கலைக்கழகமும் தன் தொடக்க நிதி எந்த வருமானத்துக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஆண்டுதோறும் வெளியிடட்டும். பாதிப் பணத்தை முன்கூட்டியே கொடுக்கட்டும். பழைய பொருள் வாங்கினால் கடைக்காரர் கையெழுத்திட்ட சீட்டை ஏற்கட்டும். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

நம் பக்கமும் குறை உண்டு. 1984இல் மைக்கா ஹோல்டிங்ஸுக்கு 66,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்து ரிம106 மில்லியனுக்கு மேல் கொடுத்தோம். நகையை அடகு வைத்துக் கொடுத்தவர்களும் உண்டு. தலைவர் சொன்னால் கொடுக்கத் தெரிந்த நமக்கு, சொந்தப் பிள்ளை வியாபாரம் என்றால் மட்டும் 'படிப்பைப் பார்' என்று அதட்டத்தான் தெரிகிறது. என் தகப்பனாரும் அப்படித்தான் அதட்டினார். அதனால்தான் நான் வழக்கறிஞன்!

தம்பி இப்போது வார இறுதியில் கைப்பேசிக் கடையில் வேலை செய்து கடனை அடைக்கிறான். பல்கலைக்கழகத்துக்கு நான் எழுதிய கடிதத்துக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரிப் பதில் வந்திருக்கிறது.

உங்கள் பிள்ளைக்கும் இப்படி நிதி கிடைத்தால், கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: பணம் முன்பா, பின்பா? ரசீது எப்படி இருக்க வேண்டும்? பதிலை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். வணிகப் பதிவுக்குப் பயப்பட வேண்டாம், சொந்தப் பெயரில் ஆண்டுக்கு ரிம30, வணிகப் பெயரில் ரிம60, 18 வயது நிறைந்திருந்தால் போதும். ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் கடிதங்களையும் அந்தக் கிழிந்த சீட்டுகளையும் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.