நுரைக்காத சோப்பு



பத்திரிகை அலுவலகத்துக்குத் தபாலில் வருவது பெரும்பாலும் காகிதம்தான். கதை, கவிதை, புத்தக வெளியீட்டு அழைப்பிதழ், போன இதழில் எந்தப் பக்கத்தில் எந்த ஒற்று விடுபட்டது என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்ட கடிதம். அதனால், கோவையிலிருந்து வந்த ஒரு சிறு பெட்டியைப் பிரித்ததும் அறை முழுக்க வெட்டிவேர் மணக்க, ஆசிரியர் குழுவே வேலையை விட்டு எழுந்து வந்துவிட்டது. உள்ளே கைக்கடக்கமான ஒரு தகர டப்பா. அதற்குள் மங்கலான மஞ்சளில் ஒரு சவர சோப்பு. அனுப்பியவர் பம்ப்செட் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுப் பின்கட்டில் சோப்புக் காய்ச்சுகிறவர். டியூபைப் பிதுக்கியே பழகிவிட்டோம், ஒரு தடவை பிரஷ்ஷும் சோப்புமாகச் செய்து பாருங்கள் என்று இரண்டு வரி எழுதியிருந்தார்.

செய்து பார்த்தேன். நுரை வரவில்லை.

பிரஷ்ஷை நனைத்து, டப்பாவில் சுழற்றிச் சுழற்றிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். முகத்தில் வெளுப்பாக ஒரு பூச்சு ஒட்டியது. ரேசரை எடுப்பதற்குள் அதுவும் காய்ந்துவிட்டது. வாஷ்பேசின் ஓரத்தில் மட்டும் பிசுபிசுவென்று ஒரு படலம். கைவேலை என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவருக்குப் போன் செய்தேன். அவர் சோப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “ஏனுங்க சார், உங்க வீட்ல போர் தண்ணிங்களா?” என்றார். ஆமாம் என்றேன். “அப்படின்னா ஒரு டம்ளர் கேன் தண்ணி எடுத்துச் செஞ்சு பாருங்க. அப்பவும் நுரைக்கலீன்னா டப்பாவைத் திருப்பி அனுப்பிருங்க.”

டப்பாவைத் திருப்பி அனுப்பவில்லை. குடிக்கிற தண்ணீரில் சவரமா என்று வீட்டில் ஒரு முறைப்பு வந்தது. அதைத் தாண்டிச் செய்து பார்த்தபோது அதே சோப்பு, அதே பிரஷ், அதே கை, நுரை மட்டும் வேறு. பொங்கி வழியவில்லை. குமிழிகள் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நுணுக்கமாக, பளபளவென்று, முகத்தோடு படிந்து நின்றது. ரேசர் போன தடத்தின் மேல் மறுபடி விரலை வைத்தால் அங்கேயும் வழுக்கியது. நல்ல சவர சோப்புக்கு அடையாளம் அந்த மிச்ச வழுக்கல்தான், நுரையின் உயரம் இல்லை என்று அவர் பிற்பாடு சொன்னார். ஒப்புக்கொள்கிறேன். விளம்பரத்தில் வருவதுபோல் கன்னத்தில் மேகம் கட்டி நிற்கும் நுரையில் முக்கால்வாசி காற்று.

சங்கதி இதுதான். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு. எங்கள் தெருவின் ஆழ்துளைத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அதைக் கண்டதும் பிடித்துக்கொண்டு, கரையாத ஒரு பொருளாக மாற்றிவிடுகின்றன. வாஷ்பேசினில் படிந்தது அதுதான். தண்ணீரிலுள்ள சுண்ணாம்பின் பசி அடங்கிய பிறகு மிஞ்சுகிற சோப்புதான் நுரைக்கும். இந்தச் சுண்ணாம்பின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தரக்குறியீட்டில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஏற்கலாம். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பெய்து, சுண்ணாம்பு அதிகம் கரையாமல் கோவைக்கு வந்து சேர்கிற சிறுவாணித் தண்ணீரில் சோப்புக் காய்ச்சிச் சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தக் கவலை தெரிய நியாயமில்லை. ஆனாலும் முதல் கேள்வியிலேயே பிடித்துவிட்டார்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்கள் துணை ஆசிரியை குறுக்கிட்டார். “வாசகர்ல பாதிப் பேர் பெண்கள், மீதியில பாதி தாடி வளர்க்கிற பசங்க. சவரம் யாருக்கு சார்?” நியாயம்தான். ஆனால் அவரே அடுத்து, வேளச்சேரிக்கு வீடு மாறியதிலிருந்து தலைமுடி நார் நாராக இருக்கிறது, அதுவும் இந்தத் தண்ணீர்தானா என்று கேட்டார். அதுவாகவும் இருக்கலாம். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை தருவது சபோனின் என்ற வேறு வகைப் பொருள். அது கொழுப்பு அமிலத்தின் உப்பு இல்லை என்பதால் சுண்ணாம்பு அதை இப்படி மடக்குவதில்லை. உப்புக் கிணற்றடியில் நின்றுகொண்டு பாட்டிமார் எப்படித் தலைக்குக் குளித்தார்கள் என்பதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

சவரத்துக்கு வருகிறேன். அதில் சோப்பின் முதல் வேலை அழுக்கு நீக்குவது இல்லை. தண்ணீரை முகத்தில் பிடித்து வைப்பது. முடி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சக்கூடியது. உறிஞ்சியதும் உப்பி இளகும். வெட்ட வேண்டிய விசை நன்றாகக் குறையும். இதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஈரம் பிடிக்க வேண்டும். டியூப் கிரீமை இழுகிவிட்டு உடனே ரேசரை வைக்கிற நம் அவசரத்தில் அது நடப்பதில்லை. பிரஷ்ஷைச் சுழற்றிச் சுழற்றி நுரை கூட்டும் நேரம் வீண் நேரம் மாதிரி தெரிகிறது. தாடி ஊறுவது அப்போதுதான்.

முடி பிளேடையும் விட்டுவைப்பதில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான்லூக்கா ரொஷியோலி என்ற ஆய்வு மாணவர் தன் தாடியைத் தானே மழித்து, ஒவ்வொரு சவரத்துக்குப் பிறகும் பிளேடை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். எஃகைவிட முடி 50 மடங்கு மென்மையானது. பிறகு பிளேடு எப்படி மழுங்குகிறது? வெறும் தேய்மானம் இல்லை; முடி வளைந்து குறிப்பிட்ட கோணத்தில் பிளேடின் விளிம்பில் மோதும்போது, எஃகின் நலிந்த இடங்களில் சில்லு பெயர்கிறது. 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் அவரும் பேராசிரியர் ஜெம் தாசானும் உடன் ஆய்வாளர்களும் இதை வெளியிட்டார்கள். நம் முகத்தில் இவ்வளவு நடக்கிறது என்று தெரியாமலேயே அவரவர் பிளேடு கம்பெனியைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

தாடி ஊறியிருக்க வேண்டும் என்றால் குளித்துவிட்டுச் சவரம் செய்வதுதான் உத்தமம். மேல்நாட்டுச் சவரப் பிரியர்கள் பலரும் சொல்வது அது. நம் வீடுகளில் நடக்குமா? முகத்தில் கத்தி பட்டால் குளித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. செவ்வாய், வெள்ளியில் கத்தியே தொடக் கூடாது. பல ஊர்களில் செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை. குளித்த பிறகு சவரம் செய்துவிட்டு சாமி விளக்கு இருக்கும் கூடத்துக்குள் நுழைந்து பாருங்கள், தெரியும். நான் கண்ட சமரசம்: வெதுவெதுப்பான தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து முகத்தில் போட்டுக்கொண்டு, அன்றைய தலைப்புச் செய்திகளைக் கேட்டு முடிப்பது.

சோப்புக் காய்ச்சும் விதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தேங்காயெண்ணெய் மட்டும் போட்டால் நுரை பெரிய குமிழியாக எழும்பி உடனே அடங்கும். குளியலுக்கு அது போதும். முகத்தில் பத்து நிமிடம் நிற்க வேண்டுமென்றால் ஸ்டியரிக் அமிலம் வேண்டும். மெழுகுச் சில்லாகக் கிடைப்பது, 69 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் உருகும். மேல்நாட்டின் பழைய சவர சோப்புகள் இதை மாட்டுக் கொழுப்பிலிருந்து பெற்றன. நம்மவர் கொங்கணக் கரையின் கோகம் வெண்ணெயைச் சேர்க்கிறார். கோகம் பழத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் அந்தக் கொழுப்பில் பாதிக்கு மேல் ஸ்டியரிக் அமிலம்தான்.

அடுத்து காரம். காஸ்டிக் சோடா போட்டால் சோப்பு கட்டியாக நிற்கும், கரையச் சோம்பும். காஸ்டிக் பொட்டாஷ் போட்டால் இளகி இருக்கும், பிரஷ் பட்டதும் கரையும். 1899 முதல் செய்யப்பட்டு வரும் செல்லா என்ற இத்தாலிய சவர சோப்பு விரலால் கிள்ளி எடுக்கும் பதத்தில் இருப்பதற்குக் காரணம் பொட்டாஷ். நம் நண்பர் பொட்டாஷைப் பெரும்பங்காகவும் சோடாவைக் கொஞ்சமாகவும் கலக்கிறார். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அதே எடைக்குப் போட்டுவிட முடியாது; சோடா 40 கிராம் செய்யும் வேலைக்குப் பொட்டாஷ் 56 கிராம் வேண்டும். கணக்குப் பிசகி காரம் மிஞ்சினால் தோல் எரியும். அதனால் கொழுப்பில் சுமார் 5 சதவீதம் காரத்தோடு சேராமல் மிஞ்சும்படி எடை போடுகிறார். பட்டறையில் வெர்னியர் பிடித்த கை, கிராமில் ஏமாறாது.

ஸ்டியரிக் அமிலம் பொட்டாஷைக் கண்டதும் நொடியில் இறுகுமாம். குளியல் சோப்புபோல் நிதானமாக அச்சில் ஊற்றும் பேச்சே இல்லை. அடுப்பில் வைத்து, ராகிக் களி கிண்டுகிற மாதிரி இரண்டு கையாலும் துடுப்புப் போட வேண்டும். வீட்டுக் களித் துடுப்பை எடுத்துவிட்டார் என்று அவருடைய அம்மா ஒரு வாரம் பேசவில்லையாம். இப்போது தனித் துடுப்பு, தனிச் சட்டி, கையுறை, கண்ணாடி எல்லாம் உண்டு. கிண்டி முடித்து, சூடு சற்றுத் தணிந்த பிறகு வெட்டிவேர் எண்ணெய். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்கள் சீக்கிரம் பறந்துவிடும். கடலூர்ப் பக்கத்து மணலில் விளையும் வேரின் மணம் தங்கும்.

கொழுப்பும் காரமும் சேரும்போது சோப்போடு கிளிசரினும் உண்டாகிறது. பெரிய ஆலைகளில் அதைப் பிரித்தெடுத்துத் தனியாக விற்பது வழக்கம். வீட்டில் காய்ச்சினால் பிரிக்க வழியில்லை, அப்படியே சோப்புக்குள் தங்கிவிடும். அது ஈரம் இழுக்கும் பொருள். கைவேலை சோப்பு முகத்தை வறட்டாமல் விடுவதற்கு இது ஒரு நல்ல காரணம். இதைச் சொன்னால் போதாதா? ‘கெமிக்கல் இல்லாத இயற்கை சோப்பு’ என்று சிலர் டப்பாவில் அச்சடிக்கிறார்களே, அதைப் பார்த்தால்தான் எனக்குச் சவரம் செய்யாமலே முகம் எரிகிறது. காரம் இல்லாமல் உலகத்தில் எந்த சோப்பும் இல்லை. நம் இளைஞரின் டப்பாவில் அந்த வாசகம் இல்லை. சேர்மானமும் எடையும் மட்டும் ஒட்டியிருந்தது. அதனால்தான் இந்தப் பக்கத்தில் அவருக்கு இடம்.

பிரஷ்ஷை நாம் கைவிட்டது ஒரே நாளில் நடந்ததில்லை. 1919இல் அமெரிக்காவில் பார்பசால் என்ற, பிரஷ் தேவைப்படாத கிரீம் வந்தது. பிறகு அழுத்தினால் நுரை கக்கும் டப்பா. 1971இல் ஜில்லெட் ரேசரில் பிளேடு இரண்டானது, 2006இல் ஐந்தானது. பிளேடு பெருகப் பெருக, சவரத்தைப் பற்றிய பேச்செல்லாம் பிளேடைப் பற்றியதாகி, சோப்பு பேச்சிலிருந்தே நழுவிவிட்டது. பிரஷ்ஷுக்கும் ஒரு கெட்ட காலம் இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் சரியாகச் சுத்திகரிக்காத குதிரை முடியில் செய்த பிரஷ்களால், மாடுகளுக்கு வரும் அடைப்பான் நோய் பிரிட்டிஷ், அமெரிக்கச் சிப்பாய்களின் முகத்தில் தொற்றிச் சிலர் இறந்தே போனார்கள். இப்போது நைலான் இழை பிரஷ் இருக்கிறது, சீக்கிரம் காயும், விலையும் குறைவு. ஒருவருடையதை இன்னொருவர் தொடாதிருந்தால் போதும்.

சவரம் முடிந்ததும் என்ன தடவுவது என்று அவரிடம் கேட்டேன், ஏதாவது புதிதாகச் சொல்வார் என்று. படிகாரக் கல் என்றார். எங்கள் தெருமுனை சலூனிலும் அதுதான்.

சுண்ணாம்புத் தண்ணீருக்கு அவர் ஒரு மாற்றுச் சேர்மானம் யோசித்திருக்கிறார். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தை அளவாகக் கலந்தால், அது காரத்தோடு சேர்ந்து சிட்ரேட்டாகி, கால்சியத்தைச் சோப்புக்கு முன்பே பிடித்து வைத்துக்கொள்ளும்; அமிலம் தின்னும் காரத்துக்கு ஈடாகக் காரத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். எவ்வளவு கலப்பது என்பது எந்த ஊர்த் தண்ணீர் என்பதைப் பொறுத்தது. அதற்குத்தான் உங்கள் உதவி வேண்டும்.

ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதியளவு உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடியுங்கள். சாதாரண சோப்புக் கட்டியிலிருந்து நகக்கண் அளவு சீவிப் போட்டு, கரையும்வரை குலுக்குங்கள். ஷாம்பு, பாத்திரம் துலக்கும் திரவம் வேண்டாம், அவை எந்தத் தண்ணீரிலும் நுரைத்துவிடும். நுரை மேலே நின்று, கீழே தண்ணீர் தெளிவாக இருந்தால் மென்னீர். நுரை நிற்காமல் தண்ணீர் பால்போல் கலங்கினால் கடினநீர். ஊர்ப் பெயர், ஆற்றுத் தண்ணீரா, கிணறா, போரா, போர் என்றால் எத்தனை அடி என்பதோடு இந்த முடிவையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். வருகிறவற்றை மாவட்ட வாரியாகத் தொகுத்து வெளியிடுகிறோம்.

சோப்பு கேட்டு மட்டும் எழுதாதீர்கள். காசுக்கு விற்பதென்றால் அழகுசாதனப் பொருள் தயாரிப்பு உரிமம் வேண்டும். அவர் இன்னும் அதற்கு விண்ணப்பிக்கவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்