தூண்டில் வாங்கணுமா? ஆன்லைனா, உள்ளூர்க் கடையா... எதை எங்கே வாங்கலாம்?

வடகிழக்குப் பருவமழை நாலு நாள் நன்றாகப் பெய்து, கண்மாய்களில் தண்ணீர் ஏறினால் போதும். மதுரையைச் சுற்றியுள்ள கரைகளில் ஞாயிற்றுக்கிழமை காலை தூண்டிலோடு ஆட்களைப் பார்க்கலாம். முன்பெல்லாம் ஒரு மூங்கில் குச்சி, கொஞ்சம் நரம்பு, தக்கை, முள், டப்பாவில் மண்புழு. அவ்வளவுதான் சாமான். இப்போது விரால் பிடிக்கும் வீடியோவை இரவு யூடியூபில் பார்த்துவிட்டு, ராடு, ரீல், தவளை லூர் என்று தூங்குவதற்குள் ஆர்டரே போட்டுவிடுகிறோம்.

பார்சல் வந்த பிறகுதான் சிக்கல் தெரியும். முள் கெண்டை வாய்க்குப் பெரிசு, நரம்பு சுருள் சுருளாக நிற்கிறது, ரீல் இரண்டாவது வாரமே கரகரக்கிறது. அப்படியானால் கடையில்தான் வாங்க வேண்டுமா? அங்கே விலை கூடுதலாச்சே? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் விலை: வரி குறைந்தது தெரியுமா?

ஜிஎஸ்டி கவுன்சிலின் 56-வது கூட்டம் 2025 செப்டம்பர் 3-ம் தேதி நடந்தது. அதில் எடுத்த முடிவின்படி, தூண்டில் கம்பு உள்ளிட்ட மீன்பிடி சாமான்களுக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. செப்டம்பர் 22 முதல் இது அமலில் இருக்கிறது. தூண்டில் முள்ளுக்கு மட்டும் ஏற்கெனவே 5 சதவீதம்தான்.

அதாவது, வரிக்கு முன் 1,000 ரூபாய் விலையுள்ள ராடு, முன்பு 1,120 ரூபாய். இப்போது 1,050 ரூபாய். இந்த 70 ரூபாய் குறைப்பு ஆன்லைனுக்கும் பொருந்தும், கடைக்கும் பொருந்தும். ஆனால் வந்து சேரும் வேகம் வேறு.

ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரி, தான் கட்டிய பழைய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். அதனால் அவர் உடனே விலையைக் குறைக்க முடியும். பதிவு இல்லாத சின்னக் கடைக்காரருக்கு அந்த வசதி கிடையாது. 12 சதவீத வரி கட்டி வாங்கிய சரக்கு அலமாரியில் இருந்தால், அந்த நஷ்டம் அவருடையதுதான். புதுச் சரக்கு வந்தால்தான் அவரால் குறைக்க முடியும். ஆகவே, கடையில் விலை சற்று கூடுதலாக இருந்தால் உடனே 'ஏமாத்துறாங்க' என்று முடிவு கட்ட வேண்டாம். 'இது பழைய சரக்கா, புதுசா?' என்று கேளுங்கள்.

நம்ம ஊர் தண்ணிக்கு என்ன தேவை?

ஆன்லைனில் நன்றாக ஓடும் சாமான்களில் பல, கடலையோ பெரிய ஏரியையோ மனதில் வைத்துச் செய்தவை. நம் பக்கத்துக் கண்மாய்களில் கிடைப்பது பெரும்பாலும் கெண்டை, ஜிலேபி, கெளுத்தி, விரால், குத்தகைதாரர்கள் குஞ்சு விட்டு வளர்க்கும் கட்லா, ரோகு. தண்ணீரில் தாமரை, ஆகாயத்தாமரை, அடியில் சேறு, நடுநடுவே கருவேல முள். இந்த இடத்தில் கம்பை விட முள்ளும் நரம்பும்தான் முக்கியம். எந்த மீனுக்கு எந்த முள், இந்த வாரம் புழுவா மைதா மாவா என்பதைப் பல கடைக்காரர்கள் அனுபவத்தில் சொல்வார்கள். சிலர் முள்ளைக் கட்டியே கொடுத்துவிடுவார்கள்.

இதற்கென்று பெரிய ஷோரூம் தேட வேண்டியதில்லை. கயிறு, வலை, தார்ப்பாய் விற்கிற கடைகளில் ஒரு மூலையில் இந்தச் சாமான்களும் தொங்கும்.

இன்னொரு வசதி, சில்லறை. கடையில் பத்து முள் மட்டும் வாங்கலாம். ஆன்லைனில் 50, 100 என்று பாக்கெட்டாகத்தான் பெரும்பாலும் வரும். ஒரு முள்ளின் விலை அங்கே குறைவுதான். ஆனால் சைஸ் தப்பிப்போனால் நூறும் வீண்.

ஆன்லைனில் எங்கே சறுக்குகிறோம்?

*முள் எண்:* எண் ஏற ஏற முள் சிறிதாகும். 10-ம் எண் முள், 6-ம் எண்ணை விடச் சின்னது. ஆனால் 1-ஐத் தாண்டியதும் கணக்கு தலைகீழ். 1/0, 2/0, 3/0 என்று போகப் போகப் பெரிதாகும். கெண்டைக்கு என்று 2/0 ஆர்டர் போட்டால், மீன் இரையைக் கொறித்துவிட்டுப் போய்விடும். படத்தில் எல்லா முள்ளும் ஒரே சைஸாகத்தான் தெரியும்.

*நரம்பு:* 20 எல்பி என்பது 20 பவுண்டு, சுமார் 9 கிலோ. அதோடு விட்டமும் மில்லிமீட்டரில் போட்டிருக்கிறதா பாருங்கள். நைலான் நரம்பு வெயிலில் பலம் இழக்கும். கடையிலும் வாசலில் வெயில் படத் தொங்கும் சுருளைத் தவிர்த்து, உள்ளே இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

*ரீல்:* '12+1 பேரிங்' என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பேரிங் எண்ணிக்கை தரத்துக்கு அத்தாட்சி இல்லை. கையில் பிடித்து, கைப்பிடியை மெதுவாகச் சுற்றினால் ஆட்டமும் கரகரப்பும் அப்போதே தெரிந்துவிடும். ஆன்லைனில் அது முடியாது.

*பிராண்டு:* ஜப்பானின் ஷிமானோ, டைவா, நார்வேயின் மஸ்டாட் போன்ற பெயர்கள் நம்பகமானவை. அதனாலேயே போலியும் வரலாம். விற்பவர் யார், தயாரித்த நாடு எது என்பதைப் படியுங்கள். தயாரிப்பு நாட்டைக் காட்ட வேண்டும் என்பது சட்டம். 'சைனா சரக்கு' என்பது மட்டுமே குறையில்லை. சீனாவின் வெய்ஹாய் நகரம் தூண்டில் கம்பு உற்பத்திக்கு உலகளவில் பெயர்பெற்றது. பெயர் தெரியாத சரக்கு கடையிலும் இருக்கும், ஆன்லைனிலும் இருக்கும். ஆனால் கடையில் அதை வளைத்துப் பார்த்து வாங்கலாம்.

அப்போ ஆன்லைனில் வாங்கவே கூடாதா?

அப்படியில்லை. குறிப்பிட்ட மாடல் ரீல், பின்னல் நரம்பு, தவளை லூர் போன்றவை எல்லாக் கடையிலும் கிடைக்காது. மாடல் எண் தெரிந்த பொருளை நாலு இடத்தில் விலை ஒப்பிட்டு வாங்க ஆன்லைன்தான் வசதி.

'கடைக்காரரும் ஆன்லைனில் விற்கலாமே' என்று கேட்கலாம். பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் ஆன்லைன் தளத்தின் வழியாக விற்பதென்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் விற்க மட்டும் நிபந்தனைகளுடன் தளர்வு தரப்பட்டது. அதாவது, பதிவில்லாத மதுரைக் கடைக்காரர் தளம் வழியாகக் கோவைக்கு அனுப்பலாம், கொச்சிக்கு அனுப்ப முடியாது. அதற்கு மேல் தளத்தின் கமிஷன், ஏழடி கம்பை உடையாமல் அனுப்பும் செலவு, திரும்பி வரும் பார்சல். பத்து முள் விற்கிற கடைக்கு இது கட்டுப்படியாகாது.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டியது இருக்கிறது. சின்னக் கடைக்கு நாலு காசு மிஞ்சுவது ராடு, ரீல் போன்ற பெரிய பொருளில்தான். அதை மொத்தமாக ஆன்லைனில் வாங்கிவிட்டு, யோசனைக்கும் பத்து ரூபாய் முள்ளுக்கும் மட்டும் கடைக்குப் போனால், அந்த மூலை ரொம்ப நாள் இருக்காது. தயவுக்காக வாங்கச் சொல்லவில்லை. ஆன்லைன் விலையைக் காட்டி, 'அண்ணே, இந்த விலைக்கு வருமா?' என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் ஐம்பது, நூறு என்றால் கடையே லாபம். ஏனென்றால் நாளைக்கு ரீல் சிக்கினால் கொண்டுபோய்க் காட்ட ஓர் இடம் இருக்கும்.

பொருள் சரியில்லைன்னா?

ஆன்லைனில்: 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வைத்தால் வாக்குவாதம் மிச்சம்.

கடையில்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற போர்டு பழுதான பொருளுக்குச் செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, பழுதான பொருளைப் பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக முறை. காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள். பில் தராமல் இருப்பதும் அதே கணக்குதான். அதனால் பில் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இரண்டுக்கும் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

கரைக்குப் போகும் முன்...

பல கண்மாய்களில் மீன்பாசி ஏலம் போயிருக்கும். குத்தகைதாரரிடமோ ஊரிலோ கேட்காமல் தூண்டில் போட்டால் வம்புதான். கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். கரையோரம் மின்கம்பி போகிற இடத்தில் வீசவே கூடாது. சிக்கி அறுந்த நரம்பைத் தண்ணீரில் விடாமல் சுருட்டி எடுத்து வாருங்கள். சாமநத்தம் மாதிரி நீர்ப்பறவைகள் வந்து தங்கும் கண்மாய்களில், அது பறவையின் காலில்தான் போய்ச் சுற்றும்.

சுருக்கமா சொன்னா?

முள், நரம்பு, தக்கை, ஈயக்குண்டு: கடையில், கையில் எடுத்துப் பார்த்து. மாடல் எண்ணோடு தேடும் ரீல், லூர்: ஆன்லைனில், விற்பவரையும் தயாரிப்பு நாட்டையும் சரிபார்த்து. முதல் ராடு: கடையிலேயே வாங்குங்கள். எது நமக்குச் சரிவரும் என்று தெரியாத நேரத்தில், நூறு ரூபாய் தள்ளுபடியை விட நாலு கேள்வி கேட்டுவிட்டு எடுத்துக் கொடுக்கிற ஆள்தான் அதிகம் மிச்சப்படுத்துவார்.