வாசல் எது?

கணிப்பொறித் துறையில் புக விழையும் மாணவன் முதலில் வினவுவது, "எந்தச் சான்றிதழ் பெற வேண்டும்?" என்பதே. பெற்றோரும் அதையே வினவுகின்றனர். வினாவே பிழை என்பது என் கருத்து.

ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பார் 1994இல் தம் தன்விவரக் குறிப்பை இணையத்தில் இட்டிருந்தார். அதனை எவரெவர் பார்வையிடுகின்றனர் என்றறிய, 'சி' மொழியில் சிறு நிரல்கள் சில எழுதினார். 1995 ஜூனில் அவற்றின் மூலநிரலையே யாவர்க்கும் வழங்கினார். பி.எச்.பி. பிறந்த கதை இதுதான். புதியதொரு மொழியைப் படைக்க அவர் எண்ணியதே இல்லை! பின்னர், பல்கலைக்கழகத் திட்டப்பணிக்கு அதை எடுத்தாண்ட மாணவர் இருவர், குறை கண்டு, அதன் உட்பகுதியை மாற்றி எழுதினர். 1998இல் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. விக்கிப்பீடியாவைத் தாங்கும் மென்பொருளும் இம்மொழியில் எழுதப்பட்டதே.

சொந்தத் தேவையே இவர்களுக்கு வாசலாயிற்று. கல்லூரி வேண்டா என்றேனல்லேன். அவ்விருவரும் மாணவர்களே அன்றோ!

உள்ளே புகுந்தபின் வாழ்வு எத்தகையது? புதிதாய் எழுதும் இன்பம் சிறிது. பிறர் எழுதிய நிரலைப் படித்துப் பொருள் காணும் உழைப்பே பெரிது. ஓர் அரைப்புள்ளி விடுபட்டாலும் பக்கம் முழுதும் முடங்கும். பாடவேறுபாடு நோக்கி, உரையோடு உரை ஒப்பிட்டுப் பயின்ற தமிழ் மாணவனுக்கு இப்பொறுமை புதிதன்று. துறையின் கையெழுத்து இதழுக்கு அவனே ஓர் இணையப்பக்கம் அமைத்துப் பார்க்கட்டும். சான்றிதழைப் பிறகு கேட்கலாம்.