குடத்தில் எதை இடுவது?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களை அழைத்துச் செல்வது எங்கள் தமிழ்த்துறையின் வழக்கம். சென்ற முறை அவர்களுக்கு வழங்குவதற்கான இரண்டு பக்கக் கையேட்டைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைக் கொண்டு ஆயத்தம் செய்தோம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. சந்திப்பிழை கூட இல்லை. நடையோ எங்களில் சிலருடைய நடையைவிட நன்றாகவே இருந்தது. மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் படியெடுத்துக் கொடுத்தோம். கல்வெட்டின் முன் நின்று ஒரு மாணவி கேட்டாள்: “ஐயா, இதுல ராஜராஜன் காலம்னு போட்டிருக்கு. நீங்க பராந்தகன்னு சொல்றீங்களே?”

ஊரார் அனைவரும் வாக்களித்ததாகவும் அக்கையேட்டில் ஒரு வரி இருந்தது. இரண்டும் தவறு. பிழை செயலியினுடையது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. கையேட்டின் அடியில் இருந்தது எங்கள் துறையின் பெயர்.

இந்நிகழ்ச்சிக்குச் சில மாதங்கள் கழித்து, அலுவலகப் பணிகள் அனைத்திலும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தத் தொடங்குமாறு எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. கடித வரைவு, கூட்டக் குறிப்பு, தர மதிப்பீட்டு அறிக்கை, மொழிபெயர்ப்பு என்று பட்டியல் நீண்டது. ஆசிரியர் அறையில் வழக்கம்போல இரண்டு கட்சிகள் உருவாயின. ‘வந்துவிட்டது, இனி ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்’ என்பது ஒன்று. ‘இது படிப்பையும் மொழியையும் அழித்துவிடும்’ என்பது மற்றொன்று. இவ்விரு கட்சியினரும் கருவியைப் பற்றியே பேசுகிறார்கள். அதைக் கையாளும் நிறுவனத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எங்கள் எண்ணம். நாங்கள் பிழையாக அச்சிட்ட அந்தக் கல்வெட்டோ நிறுவனத்தைப் பற்றித்தான் பேசுகிறது.

முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது பொது ஆண்டு 919, 921இல், உத்திரமேரூர்ச் சபை எழுதிவைத்த விதிகள் அவை. 1904-05ஆம் ஆண்டுக்கான தொல்லியல் துறை அறிக்கையில் வெங்கையா அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கினார். பின்னர் நீலகண்ட சாஸ்திரியார் விரிவாக ஆராய்ந்தார். பாடநூல்களில் ‘குடவோலை முறை’ என்ற ஒற்றைச் சொல்லாக இது சுருங்கிவிட்டது. ஆனால் அந்தக் குடத்தை ஒரு கருவியாக எண்ணிப் பாருங்கள். மனிதர் தம் விருப்பு வெறுப்புகளால் செய்யக்கூடிய ஒரு தேர்வை, மனிதர் கையிலிருந்து வேண்டுமென்றே பிரித்து எடுத்து, தற்செயலிடம் ஒப்படைக்கும் கருவி அது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூரார் ஒரு முடிவை அறிவற்ற பொறியிடம் விட்டிருக்கிறார்கள். எப்படி விட்டார்கள் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

ஊரின் முப்பது குடும்புகளிலிருந்தும் ஓலைகள் குடத்தில் இடப்பட்டன. அதற்கு முன்பே எவர் பெயர் குடத்துக்குள் போகலாம், எவர் பெயர் போகலாகாது என்பது முடிவாகிவிட்டது. வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. பின்னர் சபை முழுவதும் கூடியிருக்க, நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணுமாறு தூக்கி நிற்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை ஏற்று, உரக்கப் படிப்பான். அதன் பிறகு அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதையே படிக்க வேண்டும்.

சிறுவனை எடுக்கச் சொன்னார்கள், படிக்கச் சொல்லவில்லை. எடுப்பது அறியாதவன் வேலை. படித்து உறுதி செய்வது அறிந்தவர் வேலை. அதையும் ஒருவரிடம் விடவில்லை. இன்று நம் அலுவலகங்களில் நடப்பதோ, அந்தச் சிறுவனிடமே எடுக்கவும் படிக்கவும் அறிவிக்கவும் விட்டுவிட்டு நாம் தேநீர் அருந்தப் போவது. செயற்கை நுண்ணறிவுச் செயலி, அடுத்து வரத்தக்க சொல் எது என்பதைத் தான் பயின்ற எழுத்துக் குவியலிலிருந்து கணிக்கிறது. அது மெய்யா என்பதை அறியும் பொறுப்பு அதற்கில்லை. ‘சோழர் கல்வெட்டு’ என்றால் ராஜராஜன் பெயர் வருவதற்கே வாய்ப்பு மிகுதி. ஆகவே அப்பெயர் வந்தது.

எங்கள் கையேடு போல இரண்டு பக்கத்தோடு இப்பிழை நிற்பதில்லை. ஆஸ்திரேலிய அரசின் வேலைவாய்ப்புத் துறைக்காக டெலாய்ட் நிறுவனம் 4,40,000 ஆஸ்திரேலிய டாலர் மதிப்பில் அளித்த அறிக்கையில், இல்லாத ஆய்வுக் கட்டுரைகள் சான்றாகக் காட்டப்பட்டிருந்தன. நீதிமன்றத் தீர்ப்பொன்றிலிருந்து புனைந்த மேற்கோளும் இருந்தது. வெளியிலிருந்த ஓர் ஆய்வாளர் அதைச் சுட்டிக்காட்ட, 2025 அக்டோபரில் அந்நிறுவனம் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. இத்தனை பெரிய நிறுவனத்திலும் ஓலையை வாங்கிப் படிக்க ஆளில்லாமல் போயிற்று.

சரியாகத் தொடங்கியவர்களும் உண்டு. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தன் மாவட்ட நீதிமன்றங்களுக்காக ஒரு கொள்கையை வெளியிட்டது. தீர்ப்புக்கோ ஆணைக்கோ வழக்கின் எந்த முடிவுக்கோ செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாகாது என்பது அதன் முதன்மையான விதி. மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்தினால், தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும். எப்போது, எந்தக் கருவி பயன்படுத்தப்பட்டது, யார் சரிபார்த்தார் என்று பதிவு வைத்திருக்க வேண்டும். இக்கொள்கையைப் படித்தபோது எங்களுக்கு உத்திரமேரூர்ச் சுவரே நினைவுக்கு வந்தது.

இங்கே மறுதலையாக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இக்கல்வெட்டை மக்களாட்சியின் பொற்காலச் சான்றாகப் புகழ்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. இது பிரமதேயச் சபையின் விதி. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் இல்லாதவர் பெயர் குடத்தை எட்டவில்லை. அரைக்கால் வேலி உடையவர்க்கு வேதக் கல்வியை முன்னிட்டு மட்டும் ஒரு விலக்கு இருந்தது. உழுதவர்களுக்கு இடமில்லை, பெண்களுக்கும் இடமில்லை. குடம் நடுநிலையானது. குடத்துக்குள் எது போகலாம் என்ற விதி நடுநிலையானதல்ல. செயலிக்கும் இது பொருந்தும். ஆங்கிலம் கடலளவு ஊட்டப்பட்ட கருவியில் தமிழ் கையளவு. அதிலும் இவ்வட்டாரத்து உழவரின் பேச்சும் நெசவாளரின் சொற்களும் எவ்வளவு இருக்கும்? கல்வி உதவித்தொகை கேட்டு ஒரு மாணவன் தன் மொழியில் எழுதும் விண்ணப்பத்தைச் செயலி ‘தெளிவற்றது’ என்று தள்ளுமானால், குடத்துக்குள் போகாத பெயர்களின் வரிசையில் அவன் பெயரும் சேரும். தமிழக அரசு 2020இல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவுக் கொள்கை, தரவுப் பற்றாக்குறையையும் சமத்துவத்தையும் முதன்மைக் கவலைகளாகக் குறித்திருப்பது இதனால்தான்.

ஆகவே சுற்றறிக்கைக்கு விடையாக எங்கள் துறை எழுதிக் கொடுத்தது இவ்வளவே. முதலில், எந்தெந்த வேலை குடத்துக்குள் போகலாம் என்று பட்டியலிடுவோம். நன்றிக் கடிதம், நிகழ்ச்சி அறிக்கையின் முதல் வரைவு, ஆங்கிலச் சுற்றறிக்கையின் தமிழாக்கம் ஆகியவை போகலாம். மதிப்பெண், உதவித்தொகைத் தேர்வு, ஒழுங்கு விசாரணை ஆகியவை போகலாகாது. மாணவரின் ஆதார் எண், சாதிச் சான்று, தொலைபேசி எண் எதையும் செயலியிடம் தரலாகாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதை அலுவலகம் மறக்கலாகாது. அடுத்து, செயலி தரும் ஒவ்வொரு வரைவையும் பொருளறிந்த இருவர் படித்துக் கையெழுத்திட வேண்டும். மூன்றாவது, ஒரு பதிவேடு: நாள், வேலை, கண்ட பிழை, திருத்தியவர் பெயர். ஆறு மாதம் கழித்து அப்பதிவேட்டை வைத்துப் பட்டியலைத் திருத்துவோம். சபையாரும் 919இல் எழுதிய விதிகளை 921இல் திருத்தி விரிவாக்கினார்கள். முதல் ஏற்பாடு முழுமையாக இராது என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

‘இருவர் படிப்பதென்றால் நேரம் மிச்சமாகாதே’ என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். சில வேலைகளில் மிச்சமாகாது. அவ்வேலைகளைக் குடத்திலிருந்து எடுத்துவிடலாம். எது மிச்சமாகிறது, எது ஆகவில்லை என்று பதிவேடு சொல்லும். பதிவேடு இல்லாவிட்டால் நமக்கு நம்பிக்கையும் அச்சமும்தான் மிஞ்சும்.

கல்வெட்டில் இன்னொரு விதி உண்டு. கணக்கு எழுதியவன் தன் கணக்கைத் தானே சபையின் முன் காட்டித் தூயவன் எனப்பட வேண்டும். அவனுக்காக வேறொருவன் புகுந்து கணக்கை முடிக்கலாகாது. செயலியால் சபையின் முன் வந்து நிற்க முடியாது. நிற்க வேண்டியவர்கள் நாம்தான். அன்று அந்த மாணவியின் முன் நாங்கள் நின்றோம். கையேட்டைத் திரும்பப் பெற்று, சுவரைப் பார்த்து, பிழைகளை அவர்கள் கண்முன்னே பேனாவால் அடித்துத் திருத்தினோம். எங்கள் பதிவேட்டின் முதல் பதிவு அதுதான்.