கோயிலுக்குள்ள புகுந்து போன கர்மார்க்கர்

பதிவு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. தீசிஸ் ஆணி ஜாஸ்தி. இன்னிக்கும் புடுங்க வேண்டிய ஆணி நிறைய பாக்கி இருக்கு, ஆனா குடும்ப வாட்ஸப் குழுவுல சித்தப்பா அனுப்பின ஒரு ஃபார்வர்டு தூங்க விடலை. நரேந்திர கர்மார்க்கர்னு ஒரு இந்திய மேதை, அவரை அமெரிக்காக்காரன் அமுக்கிட்டான்னு கண்ணீர்க் கதை. சித்தப்பாவுக்கு பதில் சொன்னா அடுத்த பொங்கலுக்கு வீட்டுல சோறு கிடைக்காது. அதான் இங்க வந்துட்டேன் :-)

முதல்ல கணக்கு. இருக்கிற விமானம், பைலட், நேரம் இதையெல்லாம் வெச்சு குறைஞ்ச செலவுல எப்படி ஓட்டறது? இதுக்குப் பேரு லீனியர் புரோகிராமிங். நிபந்தனைகள் எல்லாம் சேர்ந்து பல பட்டை போட்ட வைரம் மாதிரி ஒரு உருவமாகும். நமக்கு வேண்டிய விடை ஒண்ணு இருந்தா அதோட ஏதோ ஒரு மூலையில கிடைக்கும். 1947-ல் டான்ட்சிக் கொண்டுவந்த சிம்ப்ளெக்ஸ் முறை, ஓரம் பிடிச்சு மூலை மூலையா நடக்கும். மதுரைக்காரங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, மேலச் சித்திரை வீதியிலிருந்து கீழச் சித்திரை வீதிக்கு வீதியைச் சுத்தியே போறது.

பெரும்பாலும் வேகமாவே போயிடும். ஆனா 1972-ல் க்ளீ, மின்டி ரெண்டு பேரும் ஒரு குசும்பு பண்ணினாங்க. வெறும் 50 மாறிகளை வெச்சே, பதினோரு கோடி கோடிக்கும் மேல மூலைகளைச் சுத்தவிடற மாதிரி ஒரு கணக்கு கட்டிக் காட்டிட்டாங்க. 1979-ல் ரஷ்யாவுல கச்சியான் வேற வழி சொன்னார். தாள்ல பிரமாதம், கம்ப்யூட்டர்ல ஆமை.

1984-ல், நியூ ஜெர்சி முர்ரே ஹில்லில் இருந்த பெல் லேப்ஸ்ல, முப்பது வயசைத் தொடாத கர்மார்க்கர் கோயிலுக்குள்ளயே புகுந்து போயிட்டார். சூட்சுமம் என்னன்னா, சுவத்துக்குப் பக்கத்துல நின்னா பெரிய எட்டு வைக்க முடியாது, இடிக்கும். அதனால ஒவ்வொரு எட்டுக்கும் முன்னாடி, நாம நிக்கிற இடம் நடுவுல வர்ற மாதிரி உருவத்தையே இழுத்து வளைக்கிறார். அப்புறம் தைரியமா ஒரு தாவு. குவாலியர்ல பிறந்து ஐஐடி பம்பாயில படிச்ச ஆளோட கணக்கு, அந்த நவம்பர்ல நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்துல வந்துச்சு. 1988-ல் ஃபுல்கர்சன் பரிசு. இதுக்குப் பேரு அமுக்கறதா சித்தப்பா?

அமுக்கினது ஆளை இல்லை, விவரத்தை. சிம்ப்ளெக்ஸை விடப் பல மடங்கு வேகம்னு செய்தி வந்ததும், எங்களுக்கும் காட்டுங்க, ஓட்டிப் பார்க்கிறோம்னு மத்தவங்க கேட்டாங்க. கம்பெனி முழுசா காட்டலை. 1988-ல் ஏடி அண்ட் டி பேடண்ட் வாங்கிச்சு. கூடவே கோர்பெக்ஸ்னு ஒரு பெட்டி. விலை 89 லட்சம் டாலர்! சம்பளம் கொடுத்தவன் காசு பார்க்கத்தானே செய்வான்னு கேட்டா, நியாயம்தான். ஆனா ஆராய்ச்சி வளர்ந்தது அந்தப் பெட்டிக்கு வெளியில.

1986-லேயே கில், மர்ரே, சாண்டர்ஸ், டாம்லின், ரைட் அஞ்சு பேரும், இது 1960-களின் லாகரிதம் தடுப்பு முறைக்கு ரொம்ப நெருங்கின சொந்தம்னு காட்டிட்டாங்க. சோவியத்துல டிக்கின் 1967-லேயே இதுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் மாதிரி ஒண்ணை எழுதி, யாரும் கண்டுக்காம கிடந்தது. 'அப்போ கர்மார்க்கர் புதுசா என்ன பண்ணினார்'னு என் கிளாஸ்லயே ஒருத்தன் கேட்டான். எனக்கு உடன்பாடில்லை. உள்வழி இருந்துச்சு, சரி. அதுல போனா நேரத்துக்குப் போய்ச் சேரலாம்னு நிரூபிச்சு, ஊரையே அந்தப் பக்கம் திருப்பினது அவர்தான். போட்டி வந்ததும் சிம்ப்ளெக்ஸ் ஆளுங்களும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வேகம் கூட்டினாங்க. 1992-ல் சஞ்சய் மெஹ்ரோத்ரா எழுதின திருத்தம்தான் இன்னிக்குப் பல மென்பொருள்ல ஓடுது. எடின்பரோக்காரங்களோட ஹைஸ்-ல ரெண்டு முறையும் இருக்கு, இலவசம். பிளானோல என் ஓட்டை லேப்டாப்புல, ரூம்மேட் ரசம் கொதிக்கிறதுக்குள்ள விடை வந்துடுது.

இதெல்லாம் எதுக்குன்னா, எனக்கும் ஒரு தாள் வந்திருக்கு. கோடையில இன்டர்ன்ஷிப் பண்ணின கம்பெனி வேலை தர்றாங்க. பேரு வேண்டாம். ஒரு நிபந்தனை: தீசிஸ்ல மூணாவது அத்தியாயமும் அதோட கோடும் வெளியில வரக்கூடாது. அது அவங்க டேட்டாவுல ஓட்டிப் பார்த்தது, ஆனா முறை நானும் என் புரொஃபசரும் அதுக்கு முன்னாடியே யோசிச்சது. ஊர்ல கல்விக்கடன் வட்டி ஏறிக்கிட்டிருக்கு. படிப்பு முடிஞ்சதும் வேலை கிடைக்கலைன்னா விசா தலைவலி வேற.

டேட்டாவையும் உங்க பேரையும் எடுத்துடறேன், முறையும் கோடும் தீசிஸ்லயே இருக்கும்னு ஒரு மெயில் எழுதி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை கெடு. இன்னும் அனுப்பலை. இந்த மாதிரி தாள்ல கையெழுத்துப் போட்டவங்க, போடாம வந்தவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: 2008-ல் டாலஸுக்குத் தலைமையகத்தை மாத்தின ஏடி அண்ட் டி, 2005-ல் பழைய கம்பெனியை வாங்கி அதோட பேரையே வெச்சுக்கிட்ட எஸ்பிசி. பெல் லேப்ஸ் 1996-லேயே லூசென்ட்டோட பிரிஞ்சு போயாச்சு. அந்த பேடண்டும் எப்பவோ காலாவதி. அதனால பிளானோலேர்ந்து ரயிலேறிப் போய் அவங்க வாசல்ல கோஷம் போட்டுப் பிரயோஜனமில்லை சித்தப்பா :-)